பழக் கஸ்டர்டில் அன்னாசியை அப்படியே போடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் பழக் கஸ்டர்ட் செய்கிறீர்களா? காலையில் கெட்டியாக இருந்தது மாலைக்குள் நீர்த்துப்போய் லேசாகக் கசந்தால், முதலில் அன்னாசியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

புதிதாக வெட்டிய அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. பாலில் உள்ள புரதத்தை அது உடைத்துவிடும். பப்பாளியும் கிவியும் இதே வேலையைச் செய்பவைதான். டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதனால் தொல்லை இல்லை. பாகை மட்டும் நன்றாக வடித்துவிடுங்கள். வீட்டுத் தோட்டத்து அன்னாசிதான் வேண்டும் என்றால் (எனக்கும் அதன் மணம்தான் பிடிக்கும்) பொடியாக நறுக்கி, கொஞ்சம் சீனி சேர்த்து 5 நிமிடம் கொதிக்க விட்டு, ஆறிய பிறகு சேருங்கள்.

அரை லிட்டர் பாலுக்கு 2 மேசைக்கரண்டி கஸ்டர்ட் மாவு போதும். மாவை ஆறிய பாலில்தான் கரைக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கிவிடுங்கள், ஆறும்போது இன்னும் இறுகும். நன்றாகக் குளிர்ந்த பிறகே பழங்கள். ஆப்பிள், திராட்சை, மாம்பழம் எல்லாம் சரி. தர்பூசணி வேண்டாம், தண்ணீர் விடும். வாழைப்பழத்தைப் பரிமாறும் நேரத்தில் நறுக்கிப் போடுங்கள்.

அப்புறம், நம் ஊர் வெயிலில் மேசையில் மணிக்கணக்காக வைக்காதீர்கள். சிறு கிண்ணமாக வைத்து, தீரத் தீர ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து நிரப்புங்கள்.