நீல வானத்து நாள்களில் பெருகும் ஓசோனைக் குறைக்கும் வழிகள்

காற்றுத் தூய்மைக்கேடு என்றதும் கோலாலம்பூர்வாசிகளுக்கு நினைவுக்கு வருவது புகைமூட்டம்தான். இரட்டைக் கோபுரம் மங்கலாகத் தெரிந்த பிறகே முகக்கவசத்தைத் தேடுகிறோம். தரைமட்ட ஓசோனோ வானம் தெளிந்து வெயில் சுள்ளென்று அடிக்கும் பிற்பகல்களில்தான் மிகுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத வாயு. சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கும் அதே வாயு, நாம் மூச்சு விடும் காற்றில் கலந்தால் மூச்சுக்குழாயை உறுத்தி, இருமலையும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பையும் வரவழைக்கிறது.

வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், தின்னர், சாயம் ஆகியவற்றிலிருந்து எழும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரிவதால் காற்றிலேயே ஓசோன் உருவாகிறது. காலை நெரிசலில் வெளியாகும் வாயுக்கள் நண்பகலுக்குப் பிறகு ஓசோனாகச் சேர்கின்றன என்பதால், ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்பதைப் போலவே எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது.

முதலில், சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை, அதாவது ஐபியுவை, பிற்பகலிலும் ஒருமுறை பாருங்கள். ஓசோன் உட்பட 6 மாசுகளுக்குத் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றுள் உயர்ந்த எண்ணையே குறியீடாக அறிவிக்கிறார்கள். செராஸ், பத்து மூடா ஆகிய இடங்களில் அளவீட்டு நிலையங்கள் உள்ளன. எண் 100-ஐத் தாண்டினால் பிள்ளைகளின் திடல் விளையாட்டைக் காலைக்கு மாற்றுவது நல்லது.

வாகனத்தைப் பொறுத்தவரை, எல்ஆர்டி, எம்ஆர்டி, பேருந்து ஆகியவற்றில் செல்வதே முதல் வழி. நாள்தோறும் பயணம் செய்வோருக்கு 50 ரிங்கிட் மாதப் பயண அட்டை கட்டுப்படியாகும். காரை எடுத்தே ஆக வேண்டுமென்றால், சந்தை, வங்கி, மருந்துக்கடை என மூன்று முறை தனித்தனியே கிளம்பாமல் ஒரே சுற்றில் முடித்துவிடுங்கள். ஏனெனில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி சூடேறும் வரை சரியாக வேலை செய்யாது. பள்ளி வாசலில் குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதையும் நிறுத்தலாம். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயைச் சத்தத்துக்காக மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் வினையூக்கியையும் சேர்த்தே கழற்றிவிடுகிறார்கள் என்பதை வீட்டு இளைஞர்களிடம் சொல்லி வையுங்கள். எண்ணெய் போடுவதை மாலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி முதல்முறை ‘டக்’கென்று நின்றதும் விட்டுவிடுங்கள். ரிங்கிட்டை முழுமையாக்க மேலும் இரண்டு முறை அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அப்போது ஆவி வெளியேறும், சில வேளைகளில் பெட்ரோலே வழிந்தும்விடும்.

தீபாவளி நெருங்கும்போது பிரிக்பீல்ட்ஸ் முதல் செந்தூல் வரை வீடுகளுக்குச் சாயம் பூசும் வேலை தொடங்கிவிடும். குடும்பங்கள் நேரடியாகக் கட்டுப்படுத்தக்கூடிய ஆவி இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சுவருக்கு நீர் கலந்த சாயமே போதும். வாசல் இரும்புக் கதவுக்கும் சன்னல் கம்பிக்கும் பழக்கத்தினால் தின்னர் கலந்த சாயத்தையே வாங்குகிறோம். அவற்றுக்கும் நீர் கலந்த பளபளப்புச் சாயம் கிடைக்கிறதா என்று கடையில் கேளுங்கள். தின்னர்தான் வேண்டுமென்றால், அதை ஊற்றிய டப்பாவையும் தூரிகை துடைத்த துணியையும் வெயிலில் திறந்து போடாமல், தூரிகையைக் கழுவியதும் மூடியை இறுக்கி நிழலில் வையுங்கள். மிஞ்சியதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வேலையை வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கச் சொன்னால் சாயக்காரர் முணுமுணுப்பார்தான். வெயிலில் நிற்க வேண்டியதில்லை என்பதைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

வாகனப் புகையை மட்டும் குறைத்தால் போதாதா என்று கேட்கலாம். நெரிசல் மிகுந்த சாலையோரத்தில் வாகனப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு அங்கிருக்கும் ஓசோனையே அழித்துவிடுவதால், நகர நடுவைவிடக் காற்று வீசும் திசையிலுள்ள புறநகரில் ஓசோன் கூடுதலாக இருப்பதுண்டு. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது உலகின் பல நகரங்களில் வாகனப் புகை வெகுவாகக் குறைந்தும் ஓசோன் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகையால் கார் ஓட்டத்தைக் குறைக்கும்போதே கரிம ஆவிகளையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். குப்பையையும் சருகையும் எரிப்பதைக் கைவிடுவதும் அதில் அடங்கும்.

கடைசியாக, ‘ஓசோன் மூலம் தூய்மை’ என்று விற்கப்படும் காற்றுச் சுத்திகரிப்பான்களை வாங்காதீர்கள். அவை வீட்டுக்குள்ளேயே ஓசோனை உண்டாக்குகின்றன. ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஓசோனுக்கான பொத்தானை அணைத்துவிட்டு வடிகட்டியை மட்டும் பயன்படுத்துங்கள்.