நாய்க்குத் தண்ணீர் வைப்பது பிள்ளையின் வேலை

காரைக்குடிப் பக்கம் வெயில் ஏறினால் வீட்டு நாய் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் தண்ணீர்க் கிண்ணத்தை நாலு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுங்கள். பழைய தண்ணீரைக் கொட்டி, கழுவி, புதுசாக நிரப்பட்டும். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை. யாரும் சொல்லாமலே கிண்ணத்தை எட்டிப் பார்க்கிற பழக்கம் மெல்ல வரும்.

அதைவிடப் பெரிய பாடம், நாயின் குறிப்பறிவது. வாலை இடுக்கினால், காதைப் பின்னால் மடக்கினால், முகத்தைத் திருப்பிக்கொண்டால் 'இப்போ வேண்டாம்' என்று அர்த்தம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடவே கூடாது. இதைப் பழகிய பிள்ளை, கூட விளையாடுகிறவன் முகம் வாடினாலும் கவனிக்கும் என்பது என் எண்ணம்.

சோறு வைக்கும்போது மட்டும் பெரியவர் யாராவது பக்கத்தில் நில்லுங்கள். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்குமா? இரண்டுமே நாய்க்கு ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். "ஆயா, இதைப் போடலாமா?" என்று கேட்ட பிறகே போடட்டும்.

அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவணும். பல் பட்டாலோ நகம் கீறினாலோ மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள். சோப்பும் ஓடுகிற தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது ஊசி போட்ட நாயாக இருந்தாலும் சரி.