சிபாப் வாங்கிய கையோடு அழுத்தத்தைக் கூட்டாதீர்கள்

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் சித்தப்பா துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுவதாக வந்தது. 30-க்கு மேல் போனாலே தீவிரம் என்று கணக்கு. தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் வாங்கிய மூன்றாம் நாள் காலையில் வயிறு உப்பி, ஏப்பம் விட்டபடி உட்கார்ந்திருந்தார். "காத்து பத்தலடா, ஏத்தி வெச்சுக்கினேன்" என்றார். மருத்துவர் எழுதிக் கொடுத்த அழுத்தம் 9. அவர் வைத்திருந்தது 14, பக்கத்துத் தெருவில் ஒருவர் பயன்படுத்தும் எண்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இதுதான்: அழுத்தத்தை ஃபேன் ரெகுலேட்டர் போல நினைப்பது. சிபாப் தருவது ஆக்ஸிஜன் அல்ல, அறைக் காற்றுதான். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடாமல் அந்தக் காற்று முட்டுக்கொடுக்கிறது. 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை வைக்கலாம். எவ்வளவு தேவை என்பது அவரவர் தொண்டையைப் பொறுத்தது. தேவைக்கு மேல் ஏற்றினால் காற்று வயிற்றுக்குள் போகும், மாஸ்க் ஓரம் கசியும். சிலருக்கு மூளையே மூச்சுவிடும் கட்டளையைச் சற்று நிறுத்திவிடும். அதை அடைப்பு என்று நினைத்து இன்னும் ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

ஆனால் "காத்து பத்தல" என்று சித்தப்பா சொன்னதும் பொய்யில்லை. மெஷினில் ராம்ப் என்று ஒன்று உண்டு. தூக்கம் வரும்வரை குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏறும். அது 4-இல் தொடங்கினால் பெரிய உடம்புக்காரர்களுக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். கூட்ட வேண்டியது தொடக்க அழுத்தத்தை. மருத்துவரைக் கேட்டு அதை 6 ஆக்கியதும் அவருக்கு முட்டல் போய்விட்டது. அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷின் வைத்திருப்பவர்கள், கடையிலிருந்து வந்தபடி 4-20 என்றே விட்டுவிடுவதும் இதே வகைத் தவறு. சில நாள் பதிவைப் பார்த்து அந்த இடைவெளியைக் குறுக்கித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

அழுத்த எண்ணைத் தொடும் முன் மாஸ்க் கசிவைப் பாருங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். உட்கார்ந்தபடி மாஸ்க் மாட்டி, கசிந்தால் பட்டையை இறுக்குகிறோம். இறுக்க இறுக்க மாஸ்க்கின் ஓர மெத்தை நசுங்கி மேலும் கசியும், மூக்குத்தண்டில் புண் வரும். படுத்துக்கொண்டு, மெஷின் ஓடும்போது, மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி உட்கார வைத்து, பிறகு பட்டையைச் சரிசெய்ய வேண்டும். அடர்ந்த மீசை, தாடியிலும் கசியும். காலையில் வாய் காய்ந்திருந்தால் வாய் வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம். மூக்கடைப்பைக் கவனியுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் குடியிருப்பவர்கள் லாரிப் புழுதியில் அடைத்த மூக்கோடுதான் படுக்கிறார்கள். மெஷின் ஃபில்டரும் அங்கே சீக்கிரம் கறுத்துவிடும். அடிக்கடி பார்த்து மாற்றுங்கள்.

காற்றை ஈரமாக்கும் ஹியுமிடிஃபையரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தினமும் மாற்றுங்கள்.

ஒரு இரவின் எண்ணை வைத்து முடிவெடுப்பது இன்னொரு தவறு. முந்தின நாள் குடித்திருந்தாலோ, மல்லாந்து படுத்திருந்தாலோ அடைப்பு கூடும். ஒரு வாரம் அழுத்தத்தை மாற்றாமல் ஓட்டி, மெமரி கார்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மணிக்கு 5-க்குக் கீழே அடைப்பு வருகிறதா, கசிவு எவ்வளவு, எத்தனை மணி நேரம் மாட்டியிருந்தீர்கள் என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் மட்டும் மாட்டிக்கொண்டு அடைப்பு 2 என்று காட்டினால், மீதி இரவு என்ன நடந்தது என்று மெஷினுக்குத் தெரியாது. பின்னால் உடல் எடை நன்றாகக் கூடினாலோ குறைந்தாலோ அழுத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மெஷின் வந்துவிட்டது என்ற தைரியத்தில் உடனே இரவில் வண்டி எடுக்காதீர்கள். பகல் தூக்கம் தெளியச் சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். சித்தப்பா மூன்று வாரம் இரவு லோடு எடுக்கவில்லை. முதலாளியிடம் நான்தான் போய்ப் பேசினேன்.