இமாட்டினிப் பலிக்காதபோது: மரபணுப் பிறழ்வைப் பார்த்து மருந்தை மாற்றுவது எப்படி?

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் சாப்பிடுபவரின் ரத்தத்தில், இந்த நோயை உண்டாக்கும் பிழையான மரபணுவான பிசிஆர்-ஏபிஎல்லின் அளவு மூன்றாம் மாதத்தில் 10, ஆறாம் மாதத்தில் 1, ஓராண்டில் 0.1 சதவீதம் என்ற அளவுக்கோ அதற்குக் கீழேயோ இறங்கியிருக்க வேண்டும். (மரபணுவின் பெயரில் வரும் பிசிஆரும் அதை அளக்கும் பிசிஆர் சோதனையும் தமிழில் ஒரே மாதிரி ஒலிப்பதால் பலர் குழம்புகிறார்கள், அவை வேறு வேறு.)

அளவு இறங்காவிட்டாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ, முதலில் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். மருந்து தோற்றுவிட்டதாகத் தோன்றும் பல சமயங்களில், விட்டுப்போன வேளைகளே காரணமாக இருக்கும்.

அதில் குறையில்லை என்றால், மருந்தை மாற்றுவதற்கு முன்பே பிறழ்வுப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். மருந்தை நிறுத்திய பின் கொடுப்பது தவறு. ஏனெனில், மருந்துக்கு அடங்காத செல்கள் அந்த மருந்து உடலில் இருக்கும்வரைதான் மேலோங்கி நிற்கும், நிறுத்தியதும் மற்ற செல்கள் பெருகி அவற்றை மறைத்துவிடக்கூடும். மரபணுவின் எழுத்து வரிசையைப் படிக்கும் பழைய முறையான சாங்கர் முறை, ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் குறைவான அளவில் இருக்கும் பிறழ்வுகளைத் தவறவிடும் என்பதால், வசதியிருந்தால் அதைவிட நுட்பமான அடுத்த தலைமுறை வரிசைப்படுத்தலைக் (என்ஜிஎஸ்) கேட்கலாம்.

அறிக்கையில் முதலில் தேட வேண்டியது டி315ஐ (T315I) என்ற பிறழ்வு. பிசிஆர்-ஏபிஎல் மரபணு உருவாக்கும் புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின் வந்து உட்கார்ந்துகொள்வதால், இமாட்டினிப் மட்டுமல்ல, அதே வகை மருந்துகளான டாசாடினிப், நிலோடினிப், போசுட்டினிப் ஆகியவையும் அங்கே பொருந்துவதில்லை. பொனாட்டினிப் பொருந்தும், ஆனால் அது தமனிகளை அடைக்கக்கூடியது என்பதால் இதய நோய் உள்ளவருக்கு மிகுந்த தயக்கத்தோடுதான் தரப்படும், 45 மில்லிகிராமில் தொடங்கினாலும் பிசிஆர்-ஏபிஎல் அளவு 1 சதவீதத்துக்கு வந்ததும் மருந்து 15 மில்லிகிராமாகக் குறைக்கப்படும். அசிமினிப் புரதத்தின் வேறொரு குழியில் ஒட்டுவதால் இந்தத் தடை அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை; எனினும் மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் போதும் என்றால், டி315ஐ உள்ளவருக்கு 200 மில்லிகிராம் இருவேளை தேவை. எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு உடன்பிறந்தோரின் பொருத்தத்தையும் இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

மற்ற பிறழ்வுகளில், எஃப்317எல் (F317L) என்றால் டாசாடினிப்பையும், ஒய்253எச் (Y253H), இ255கே (E255K), எஃப்359வி (F359V) என்றால் நிலோடினிப்பையும் தவிர்ப்பார்கள். பிறழ்வே இல்லையென்றால், உடனிருக்கும் நோய்களே தேர்வைத் தீர்மானிக்கும்.

இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு விழுங்கிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அசிமினிப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் எதுவும் சாப்பிடக் கூடாது.