கடைசி இருப்பில் ஓதும் பாதுகாப்பு துஆ: ஓதும் முறையும் வழக்கமான பிழைகளும்

தொழுகையின் கடைசி இருப்பில், அதாவது கடைசியாக உட்காரும் நிலையில், அத்தஹிய்யாத்தும் நபியவர்கள் மீதான ஸலவாத்தும் முடிந்ததுமே பலர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிடுகிறார்கள். ஸலவாத்துக்கும் ஸலாமுக்கும் நடுவில் ஓத வேண்டிய முக்கியமான துஆ இப்படி விட்டுப்போகிறது. அத்தஹிய்யாத் ஓதி முடித்தவர் நான்கு விஷயங்களை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் உள்ள ஹதீஸ் இது. குர்ஆனின் சூராவைக் கற்றுத்தருவது போலவே இதையும் நபியவர்கள் கற்றுத்தந்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) சொல்கிறார்கள். அவ்வளவு கவனத்தோடு கற்றுத்தரப்பட்டதை நாம் அவசரத்தில் விடக் கூடாது.

துஆ இதுதான்:

அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மின் அதாபி ஜஹன்னம்,
வமின் அதாபில் கப்ர்,
வமின் ஃபித்னத்தில் மஹ்யா வல்மமாத்,
வமின் ஷர்ரி ஃபித்னத்தில் மஸீஹித் தஜ்ஜால்.

பொருள்: யா அல்லாஹ்! நரக வேதனையை விட்டும், கபுரின் வேதனையை விட்டும், வாழ்விலும் மரணத்திலும் வரும் சோதனையை விட்டும், மஸீஹ் தஜ்ஜாலுடைய (இறுதிக் காலத்தில் வரும் பெரும் பொய்யனுடைய) சோதனையின் தீங்கை விட்டும் உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன்.

சுப்ஹு, ஜும்ஆ போன்ற இரண்டு ரக்அத் தொழுகைகளில் ஒரே இருப்புதான், அங்கேயே ஓதிவிடலாம். மஃரிபில் மூன்றாம் ரக்அத்திலும், லுஹர், அஸர், இஷாவில் நான்காம் ரக்அத்திலும் ஓத வேண்டும். நடு இருப்பு இதற்குரிய இடமல்ல. கைகள் தொடைமேல் இருந்தபடியே இருக்கட்டும், துஆ என்பதற்காக ஏந்த வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஓட்டுவது ஓதியதாகாது. நாவும் உதடும் அசைய வேண்டும், தன் காதுக்கு மட்டும் கேட்கும் அளவு சத்தம் போதும்.

தமிழ் எழுத்தைப் பார்த்து மனனம் செய்தவர்களிடம் சில பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'அஊது' என்பது 'அவூது' ஆகிவிடும். இரண்டு உயிரெழுத்துகள் சேரும்போது நம் நாக்கு தானாகவே ஒரு வகரத்தை நுழைத்துவிடுகிறது. அங்கே வர வேண்டியது நடுத்தொண்டையிலிருந்து எழும் ஐன் என்ற அரபி எழுத்து. 'பிக' என்பதில் கடைசி எழுத்து மெல்லிய காஃப். அதை 'நகம்' என்பதில் வரும் ககரம் போலச் சொல்லிவிடாமல், 'கண்' என்பதில் வருவது போலச் சொல்லுங்கள். 'கப்ர்' என்பதிலோ அடிநாக்கிலிருந்து வரும் கனமான காஃப். இரண்டையும் தமிழில் ஒரே எழுத்தால்தான் எழுத முடிகிறது, அதனால் அரபி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறையாவது ஓதிக்காட்டுவது அவசியம்.

ஒவ்வொரு வரியிலும் மூச்சு விட்டு நிறுத்தினால் மேலே எழுதியபடியே ஓதுங்கள். நிறுத்தாமல் சேர்த்து ஓதினால் 'ஜஹன்னம வமின்', 'கப்ரி வமின்', 'மமாத்தி வமின்' என்று வரும். 'ஜஹன்னமி' என்பது தவறு.

புதிதாகப் பாடம் செய்பவர் ஜமாஅத்தில் தொடங்க வேண்டாம். லுஹருக்குப் பின் தனியாகத் தொழும் இரண்டு ரக்அத் சுன்னத்தில் இமாமின் வேகம் குறுக்கிடாது. முதல் வரி தடுமாறாமல் வந்த பிறகு அடுத்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜமாஅத்தில் இது முடிவதற்குள் இமாம் ஸலாம் கொடுத்துவிட்டால், ஹனஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) துஆவை விட்டுவிட்டு இமாமோடு ஸலாம் கொடுக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபினர் ஓதி முடித்துவிட்டு ஸலாம் கொடுக்கலாம். தாமதமாகச் சேர்ந்தவர், விடுபட்ட ரக்அத்தை எழுந்து தொழுத பின் வரும் தன்னுடைய கடைசி இருப்பில் ஓதட்டும்.

மறந்துவிட்டால் தொழுகை செல்லும் என்பதே நான்கு மத்ஹபுகளின் நிலை. இதற்காக ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான ஸஜ்தா) இல்லை. ஆனாலும் இதை ஓதாத தன் மகனைத் திரும்பத் தொழச் சொன்னார் தாபிஈயான (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த) தாவூஸ் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமிலேயே பதிவாகியிருக்கிறது.

நான்கும் நன்றாகப் பதிந்த பின் ஆயிஷா (ரலி) அறிவிப்பில் வரும் வரியையும் சேர்க்கலாம்: 'அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் மஃஸமி வல்மக்ரம்'. பாவத்தை விட்டும் கடனை விட்டும் பாதுகாப்புத் தேடுவது இது. கடனை விட்டு இவ்வளவு அதிகமாகப் பாதுகாப்புத் தேடுகிறீர்களே என்று ஒருவர் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மாறுசெய்கிறான் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியை விடவே வேண்டாம்.