செட்டிநாட்ட கார்ல சுத்தறவங்க செய்யற தப்புகள்

லீவு விட்டா காரைக்குடி ரோட்டுல வெளியூர் நம்பர் பிளேட்டுதான் ஜாஸ்தி. எங்க ஊர பாக்க இவ்ளோ பேரு வர்றாங்களேன்னு எனக்கு சந்தோஷம்தான். ஆனா சொந்தக்காரங்கள கூட்டிட்டு சுத்த ஆரம்பிச்ச காலத்துல நான் எங்கெங்க முட்டிக்கிட்டேனோ, இவங்களும் அங்கங்கயே முட்டிக்கிறாங்க, அதுதான் பாக்க முடியல. டயர்ல காத்து பாருங்க, தண்ணி எடுத்துக்கங்கன்னு சொல்ல நான் தேவையில்ல. வேற சிலது இருக்கு.

கிலோமீட்டர பாத்து பிளான் போடறது

இதுதான் பெரிய தப்பு. இன்னிக்கும் இத பாத்தா எனக்கு எரிச்சலா வருது.

மேப்ல எல்லாமே பக்கம் பக்கமாத்தான் தெரியும். காரைக்குடியில இருந்து குன்றக்குடி முருகன் கோயில் சுமாரா 10 கிலோமீட்டர், பிள்ளையார்பட்டி கோயில் இன்னும் கொஞ்சம் தள்ளி, பெரிய பெரிய வீடுங்க இருக்கற கானாடுகாத்தான் 15, திருமயம் கோட்டை 20 சொச்சம். உடனே "அட, ஒரே நாள்ல முடிச்சிரலாம்"னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு லிஸ்ட் போட்டுருவாங்க. தூரம் சரிதான். எது எப்ப தொறந்திருக்கும்னு மட்டும் அந்த லிஸ்ட்ல இருக்காது. பிள்ளையார்பட்டியே மதியம் 1 மணிக்கு நடை சாத்தினா திரும்ப 4 மணிக்குத்தான். சின்ன ஊர் கோயில்கள்ல குருக்கள் அதுக்கும் முன்னாடியே பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவாரு.

எங்க சித்தப்பா குடும்பம் கோயம்புத்தூர்ல இருந்து வந்தப்ப இதேதான் நடந்துச்சு. ராத்திரி மதுரையில தங்கி, ஓட்டல் டிபன் முடிச்சு 9 மணிக்கு மேல கிளம்பி, மேலூர், திருப்பத்தூர் தாண்டி, பிள்ளையார்பட்டி விலக்கையும் தாண்டி நேரா கானாடுகாத்தான் போயிட்டாங்க, ஏன்னா காலை வெளிச்சத்துல போட்டோ நல்லா வரும்னு தம்பி சொல்லிட்டான். அங்க இருந்து ஆத்தங்குடி, டைல்ஸ் போடற எடம், அப்புறம் ரிவர்ஸ்ல பிள்ளையார்பட்டி. வந்து இறங்கறப்ப மணி ஒண்ணு பத்து, நடை சாத்தியாச்சு. கார்ல சித்தியோட அம்மா இருந்தாங்க, எங்களுக்கு அம்மாச்சி. பிள்ளையாருக்கு வேண்டுதல், சாமி கும்பிட்டுட்டுத்தான் சாப்பிடுவேன்னு காலையில இருந்து பச்சத் தண்ணியோட இருக்காங்க. "ஏப்பா, இந்த வழியாத்தானே காலையில வந்தோம்?"னு கேட்டாங்களாம். யாருக்கும் பதில் சொல்ல வாய் வரல.

நாலு மணி வரைக்கும் அங்கயே உக்காந்து, தரிசனம் முடிச்சு, பசங்க கேட்டாங்கன்னு திருமயம் போனா கோட்டையும் பூட்டியாச்சு. அது தொல்லியல் துறை கையில இருக்கு, சாயந்தரத்தோட அடைச்சிருவாங்க. 1687ல சேதுபதி கட்டின கோட்டைய கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு திரும்பிட்டாங்க. ஒரு நாளு, பெட்ரோலு, வயசானவங்களோட பட்டினி, எல்லாம் வரிசைய மாத்திப் போட்டதால.

நான் சொல்றது ஒண்ணுதான். காலையும் சாயந்தரமும் கோயிலுக்கு, மதியானம் வீடுகளுக்கு. செட்டிநாட்டு வீடே வெயிலுக்குன்னு கட்டினது. கனமான செவுரு, உயரமான கூரை, நடுவுல வானம் பாத்த வளவு, சூடு மேல போயிரும். சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்சது பூச்சுன்னு சொல்லுவாங்க, அந்த செவுத்துல உச்சி வெயில் நேரத்துல கை வச்சு பாருங்க, சில்லுன்னு இருக்கும். ஆத்தங்குடியில லட்சுமி வீடுன்னு டிக்கெட் வாங்கி பாக்கற பெரிய வீடு இருக்கு, பகல்ல போகலாம். வெளிய பாறை சுடற நேரத்துல பர்மா தேக்குத் தூண் பக்கத்துல உக்காந்து மேல விதானத்த பாக்கறதுதான் சுகம். காலை வெயில்ல அந்த வீட்ட அவசரமா பாத்துட்டு, மத்தியானம் குழந்தைங்கள திருமயம் பாறையில ஏத்தறாங்களே, அத நினைச்சாத்தான் எனக்கு மனசு கேக்கல.

மதுரையில இருந்து வந்தா 6 மணிக்கே கிளம்பி முதல்ல பிள்ளையார்பட்டி, அப்புறம் குன்றக்குடி, ரெண்டும் வர்ற வழியிலயே. திருச்சி, புதுக்கோட்டை பக்கமிருந்து வந்தா முதல்ல திருமயம். அங்க கோட்டைக்கு அடியிலயே ஒரே பாறையில சிவனுக்கு ஒரு குடைவரை, பெருமாளுக்கு ஒரு குடைவரை. சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில்ல பள்ளிகொண்ட பெருமாள காலையிலயே பாத்துருங்க. நகரத்தார்னு சொல்ற இந்த ஊர் செட்டியாருங்களோட கோயில் ஒம்பதையும் ஒரே நாள்ல முடிக்கணும்னு மட்டும் கிளம்பாதீங்க, இரணியூர், வைரவன்பட்டி சிற்பத்துக்கு முன்னாடி பத்து நிமிஷம் நிக்கக் கூட முடியாம ஓடறதுக்கு போகாமயே இருக்கலாம்.

மேப் காட்டற புள்ளிய நம்பறது

இந்த வீடுங்க ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியும். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு நீளமா போயிட்டே இருக்கும், பின்வாசல் வேற தெரு. மேப்ல புள்ளி வீட்டுக்கு நடுவுல விழுதா, அது உங்கள பின்னாடி தெருவுக்கு கொண்டு போய் விட்டுரும். அங்க நின்னு காரை பூசின வெறும் செவுத்த பாத்துட்டு "இதுக்கா இவ்ளோ பேச்சு"ன்னு திரும்பிப் போனவங்கள நான் பாத்திருக்கேன், மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. கார ஊரணிக் கரையில ஓரமா போட்டுட்டு நடங்க. தெரு எல்லாம் நேர்க்கோடாத்தான் இருக்கும், தொலைய மாட்டீங்க.

பூட்டின வீட்ட தட்டறது

பூட்டியிருக்குன்னா யாருக்கும் வேணாம்னு விட்ட வீடு இல்லைங்க. ஒரே வீட்டுக்கு எத்தனையோ பங்காளிங்க இருப்பாங்க, சென்னையில பாதி, சிங்கப்பூர்ல பாதி, கல்யாணம், முன்னோருக்கு படையல் போடற படைப்புன்னா எல்லாரும் வந்து அடுப்பு மூட்டுவாங்க. காவலுக்கு இருக்கற அண்ணன் கையில நோட்ட திணிச்சு "சும்மா அஞ்சு நிமிஷம்"னு கெஞ்சாதீங்க, நாளைக்கு அவர் வேலைக்குத்தான் ஆபத்து. கானாடுகாத்தான் அரண்மனை, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு இதெல்லாம் வெளியில நின்னு பாக்கறதுன்னு நினைச்சுட்டே வாங்க.

பழைய தூண், கதவு வாங்கறது

வேணாம். ஒவ்வொண்ணும் எங்கயோ இடிச்ச ஒரு வீடு.

டைல்ஸ படுக்க வச்சு அடுக்கறது

ஆத்தங்குடி கல்லு சூளையில வேகறது இல்ல, கண்ணாடி மேல கலர் சிமெண்ட் ஊத்தி, தண்ணியில ஊறவச்சு காய வைக்கறது. ஞாபகத்துக்கு நாலு வாங்கினா டிக்கியில நிக்க வச்சு, நடுவுல பேப்பர் சொருகுங்க. வீட்டுக்கே போடப் போறீங்கன்னா கார மறந்துருங்க, லாரியில வரட்டும்.

சாப்பாட்டுக்கு சொல்லாம போறது

பழைய பங்களா ஓட்டல்கள்ல முன்னாடியே போன் பண்ணி தலை எண்ணிக்கை சொல்லணும்.

பலகாரத்த காலையிலயே வாங்கறது

கைமுறுக்கு, சீப்புச் சீடை எல்லாம் வெயில்ல நிக்கற காருக்குள்ள பகல் முழுக்க கிடந்தா எண்ணெய் வாடை வந்துரும். ஊருக்கு கிளம்பறப்ப வாங்குங்க.

தை மாசத்துல ராத்திரி ஓட்டறது

தைப்பூசத்துக்கு முன்னாடி நகரத்தார் காவடி குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடந்தே கிளம்பும், சிங்கம்புணரி, நத்தம் வழியா ஆயிரக்கணக்குல ஜனம் ரோட்டோரமாவே போகும், விடியறதுக்கு முன்னாடி இருட்டுலயே நடப்பாங்க. அந்த நாள்ல அந்தப் பக்கம் வண்டி எடுத்தா பகல்லயே முடிச்சுக்கங்க. எடுத்தே ஆகணும்னா ஹைபீம போடாதீங்க, ஹாரன் அடிச்சு ஒதுங்க சொல்லாதீங்க, வேகம் 30க்கு மேல வேணாம்.