உதகைக் குளிரில் நீர் பொதிந்த படிகம் வளர்க்கும் முறை

கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் சிட்ரிக் அமிலம், சுமார் 36 டிகிரி செல்சியசுக்குக் கீழே நீர்க்கரைசலிலிருந்து திரளும்போது மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் நீரற்ற படிகமாகவே திரள்கிறது. உதகையிலும் குன்னூரிலும் அறை வெப்பநிலை அந்த எல்லைக்கு வெகு கீழேயே இருப்பதால், நீரேறிய வடிவத்தை வளர்க்க நீலகிரி மிகவும் ஏற்ற இடம். ஆனால் மூடுபனியும் சாரலும் நீடிக்கும் மாதங்களைத் தவிர்த்து, சனவரி, பிப்ரவரியில் தொடங்குவதே நல்லது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டினால் படிகம் ஈரத்தை உறிஞ்சிக் கசிந்துவிடும்.

உறையில் 'நீரற்ற' என்று குறிக்கப்பட்ட அமிலம் 170 கிராமைக் கண்ணாடிக் குவளையில் 100 மில்லி காய்ச்சி வடித்த நீருடன் சேர்த்து, வெந்நீரில் வைத்துக் கலக்கிக் கரைத்து, வடிகட்டி, மூடி ஆறவிடவும். அலுமினியப் பாத்திரம் கூடாது. கண்ணில் தெறிக்காமல் காப்புக்கண்ணாடி அணிய வேண்டும். கரைசல் கெட்டியானது என்பதால் ஆறிய பின்னும் தானாகத் திரளாமல் இருக்கக்கூடும். சில சொட்டுகளை அகன்ற தட்டில் குளிரிலேயே உலரவிட்டு, அதில் விளையும் தெளிந்த சிறு படிகத்தை மெல்லிய நைலான் இழையில் கட்டி, ஆறிய கரைசலில் தொங்கவிடுங்கள். பொட்டலத்துத் துகளை வித்தாக, அதாவது வளர்ச்சியைத் தொடங்கும் படிகமாக, இடக்கூடாது. அதன் உள்ளமைப்பு வேறு.

வளர்ந்த படிகத்தில் நீர் வெறும் ஈரமாக ஒட்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன் இரு ஹைட்ரஜன்களை அண்டை அமில மூலக்கூறுகளின் ஆக்சிஜன்களை நோக்கி நீட்டி, தன் ஆக்சிஜனால் கார்பாக்சில் தொகுதியின் (அமிலத்தன்மை தரும் COOH பகுதியின்) ஹைட்ரஜனை ஏற்று, ஹைட்ரஜன் பிணைப்புகளால் தனக்குரிய இடத்தில் நிலைகொண்டிருக்கிறது. இதை எடைபோட்டே காட்டலாம் என்பதுதான் இந்தச் சோதனையின் சிறப்பு.

படிகங்களை உறிஞ்சுதாளால் ஒற்றி, பொடித்து, 10 கிராம் நிறுத்து, ஈரம் உறிஞ்சும் உலர்ந்த சிலிக்கா ஜெல்லுடன் மூடிய கலத்தில் 40 முதல் 50 டிகிரி வெப்பத்தில், எடை மாறாத நிலை வரும்வரை வைக்கவும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் தன் நீரிலேயே உருகிவிடும். நீர் முழுதும் வெளியேறினால் 0.86 கிராம் குறையும். அதைவிட மிகுதியாகக் குறைந்தால் மேற்பரப்பு ஈரம் சரியாக நீங்கவில்லை என்று கொள்க. பொடிக்காத படிகம் ஒன்றையும் உடன் வைத்தால், அதன் தெளிவு மங்கி வெண்மை படர்வதைக் காணலாம்: நீர் விலகியதும் பழைய அடுக்கு குலைந்து, நீரற்ற நுண்துகள்களாக மாறி, ஒளியைச் சிதறடிக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, 250 கிராம் நீரற்ற அமிலத்தை முன்போலவே 100 மில்லி நீரில் 70 டிகிரியில் கரைத்து, 45 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்துத் திரளவிட்டு, சூடு ஆறுமுன் வடித்தெடுங்கள். ஈரம் போக்கிய அந்தப் படிகங்கள் இதே சோதனையில் ஏறக்குறைய எடை குறையாமல் இருக்கும்.